உங்களுக்குத் தெரியுமா? காலி வீதியிலும் ஜம்பெட்டா வீதியிலும் ஒரு சமூகவியல் பாடம்

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கலாசாரம், சமூகம், விழுமியம், அந்தஸ்து என்று வரைவிலக்கணங்களை மனனம் செய்து எழுதிவிட்டு வருகிறார்கள். பரீட்சை முடிந்ததும் அவை மறந்தும் போகின்றன. கொழும்பில் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஜம்பெட்டா வீதியிலும் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தால் அந்தப் பாடம் முழுவதும் தெருவிலேயே கிடக்கிறது. அங்கே பொறுக்கிய துணுக்குகள் இவை.

◆ கலாசாரத்துக்கு மானிடவியலில் முதன்முதல் முறையான வரைவிலக்கணம் தந்தவர் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1871. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று பட்டியல் போட்டு, மனிதன் ஒரு சமூகத்தின் உறுப்பினனாக இருந்து கற்றுக்கொள்வது எல்லாமே கலாசாரம் என்றார். உடலோடு பிறந்து வருவது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் வெள்ளவத்தையிலும் மற்றவர் கனடாவின் ஸ்காபரோவிலும் வளர்ந்தால், இருபது வருடம் கழித்து இருவரும் சோறு பிசையும் விதமே வேறாக இருக்கும். 'இரத்தத்தில் ஊறிய பண்பாடு' என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். பண்பாடு இரத்தத்தில் ஊறுவதில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்கிவிட வேண்டும். பழக்க ஆளில்லாவிட்டால் ஒரே தலைமுறையில் போய்விடும்.

◆ டைலருக்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு வரைவிலக்கணம் சொல்லத் தொடங்கினார்கள். 1952இல் அமெரிக்க மானிடவியலாளர்கள் குரோபரும் குளக்கோனும் உட்கார்ந்து திரட்டிப் பார்த்தபோது 164 தேறின!

◆ வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் காலை மேசையைப் பாருங்கள். பாண் போர்த்துக்கேயரோடு வந்தது. சம்பலில் உறைக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன்பு நம் அடுப்பில் உறைப்பு என்றால் மிளகுதான். உருளைக்கிழங்கும் அதே கண்டத்திலிருந்துதான் வந்தது. தேயிலை சீனத்துச் செடி. இலங்கையில் அதைத் தோட்டப் பயிராக 1867இல் லூல்கந்துரவில் நட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். இத்தனையும் சேர்ந்ததைத்தான் நாங்கள் 'எங்கட சாப்பாடு' என்கிறோம். அதில் பொய் ஏதும் இல்லை. கடன் வாங்கியதைத் தன் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொள்வதைச் சமூக விஞ்ஞானம் கலாசாரப் பரவல் என்கிறது. உலகில் எந்தச் சமூகமும் தன் கையிருப்பில் பெரும்பகுதியை இப்படித்தான் சேர்த்திருக்கிறது என்று 1930களில் எழுதியவர் ரால்ப் லிண்டன்.

◆ செருப்பை வாசலில் கழற்றாமல் உள்ளே வந்தால் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். குடும்பம் ஏற்காத இடத்தில் கலியாணம் செய்தால் உறவே அறுந்துபோகலாம். இரண்டும் வழக்கந்தான், ஆனால் மீறினால் கிடைக்கும் தண்டனை வேறு வேறு. முதல் வகை அன்றாட வழக்கு, இரண்டாவது ஒழுக்க நெறி என்று 1906இல் ஒரு புத்தகத்தில் பிரித்துக் காட்டினார் வில்லியம் சம்னர். தன் கூட்டத்தை நடுவில் வைத்து மற்ற எல்லோரையும் அளக்கும் இன மையவாதம் என்ற கருத்தைப் பரப்பியதும் அதே புத்தகந்தான்.

◆ லிஃப்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஏன் மேலே எண் மாறுவதையே பார்க்கிறார்கள்? அந்நியர்கள் நெருங்கி நிற்க நேரும்போது, 'உன்னைக் கண்டேன், ஆனால் உன் விஷயத்தில் தலையிட மாட்டேன்' என்று கண்ணாலேயே காட்டிக்கொள்ளும் நாகரிகம் அது என்று 1963இல் விளக்கினார் ஏர்விங் கொஃப்மன். மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள தொடர்மாடிகளில் இந்த விதி கொஞ்சம் தளர்ந்து கிடக்கிறது. கையில் மரக்கறிப் பையோடு நிற்கும் அம்மா, நாலாம் மாடி வருவதற்குள் "பிள்ளை ஆற்ற வீட்டுக்கு?" என்று கேட்டுவிடுவார். ஆறாம் மாடி வருவதற்குள் உங்கள் பெரியம்மாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடம் என்று தெரிந்துவிடும். கிராமத்து வேலியோரப் பேச்சு லிஃப்டுக்குள் குடிபுகுந்திருக்கிறது. நகரத்துக்கு வந்தால் மனிதர் தனித்துப்போவார் என்ற பழைய பாடத்துக்கு இது நல்ல பதில்.

◆ அடுத்து வரும் கேள்வி, "எந்த ஊர்?" கொழும்பிலேயே பிறந்த பிள்ளை 'வெள்ளவத்தை' என்று சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி இருக்காது. "அது சரி, அப்பாவின்ர ஊர்?" என்பார். ஈ. வலன்டைன் டானியல் என்ற மானிடவியலாளர் இலங்கையில் பிறந்தவர். தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் ஆய்வு செய்து 1984இல் வெளியிட்ட நூலில், தமிழருக்கு ஊர் என்பது வரைபடத்தில் கோடு போட்ட எல்லை அல்ல என்றும், மண்ணுக்கும் அதில் வாழ்பவரின் உடலுக்கும் குணத்துக்கும் இடையே ஓடும் ஓர் உறவு என்றும் காட்டினார். வல்வெட்டித்துறை, காரைநகர், புங்குடுதீவு என்று ஊரின் பெயரோடு கொழும்பில் சங்கங்கள் இயங்குவதும், பிறந்த வருடமே ஊரை விட்டு வந்தவர் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு இன்றும் காசு அனுப்புவதும் அதனால்தான். அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரைக் கேட்டுச் சாதியைக் கணிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கேட்கிறவருக்கும் அது தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

◆ நியூயோர்க் மாநிலத்துச் சட்டத்தரணி ஒருவர் தமிழரின் உறவுமுறையைப் பார்த்து அசந்துபோனார் என்பது தெரியுமா? லூயிஸ் ஹென்றி மோர்கன் அவர் பெயர். அமெரிக்கப் பூர்வகுடிகளான செனெக்கா மக்களிடையே தாயின் சகோதரியும் தாய், தந்தையின் சகோதரனும் தந்தை என்று கண்டார். பிறகு உலகெங்கும் வினாத்தாள் அனுப்பினார். தென்னிந்தியாவிலிருந்து மிஷனரிமார் நிரப்பி அனுப்பிய தமிழ் அட்டவணையிலும் அதே ஒழுங்கு! பெரியம்மாவும் சின்னம்மாவும் அம்மா வரிசை. மாமாவும் மாமியும் வேறு வரிசை. அவர்கள் பிள்ளைகள் மச்சான், மச்சாள். அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சாட்சி என்று 1871இல் எழுதினார். இரண்டு முறைகளும் உள்ளுக்குள் வேறுபடுகின்றன என்று பின்வந்தவர்கள் காட்டியதால் அந்தச் சாட்சி நிலைக்கவில்லை. உறவுமுறை ஆய்வு என்ற துறை மட்டும் நிலைத்தது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதில் அருகில் ஒரு வியப்பு உண்டு. சிங்களம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்களவரின் உறவுமுறையோ திராவிட ஒழுங்கு. லொக்கு அம்மா, புஞ்சி அம்மா, மாமா, நெந்தா என்று பக்கத்து வீட்டில் கூப்பிடுவதைக் கேளுங்கள்; நம் வீட்டுக் கணக்கேதான். மொழியால் பிரிந்தவர்கள் குடும்பத்தை ஒரே விதமாக எண்ணுகிறார்கள்.

◆ ஞாயிறு பத்திரிகையின் 'மணமகன் தேவை' பகுதி ஒரு சமூகவியல் பாடநூல். 'யாழ். இந்து' என்று தொடங்கும். அடுத்து சாதி, நட்சத்திரம், செவ்வாய் உண்டா இல்லையா. அதற்குப் பிறகு கணக்காளர், பொறியியலாளர், கனடா பி.ஆர். முன்பாதி பிறப்பால் வந்த அந்தஸ்து, பின்பாதி முயன்று அடைந்த அந்தஸ்து. இந்தப் பிரிவை 1936இல் வகுத்தவரும் மேலே சொன்ன லிண்டன்தான். நவீனம் வந்தால் முன்பாதி தேய்ந்து பின்பாதி மட்டும் மிஞ்சும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நம் விளம்பரத்தில் இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே எழுத்தளவில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இந்த விளம்பரங்களைப் புரிந்துகொள்ள அம்பேத்கரைவிட நல்ல வழிகாட்டி இல்லை. 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை, சாதியின் அடிப்படை அகமணம் என்றது. தனக்குள்ளேயே கொடுத்து எடுக்கும் வழக்கம் நின்றால் சாதி நிற்க வேறு தூண் இல்லை. நூறாண்டு கடந்தும் அந்த வாதத்தை நம் மணமக்கள் பக்கம் வாராவாரம் மெய்ப்பிக்கிறது. இதைப் பெருமையாக எழுத முடியவில்லை.

◆ வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட் என்பது கலியாணப் பேச்சில் அடிபடும் சொத்து. சீதனத்தைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்கள் படிக்கும் முக்கியமான நூல்களில் ஒன்றை ஜாக் குடியோடு சேர்ந்து 1973இல் எழுதியவர் இலங்கைத் தமிழர் ஒருவர், ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குச் செல்வம் போகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மகளோடு செல்வம் போகிறது. மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்ற பழைய எண்ணத்தின் வடிவம் அது என்று அந்நூல் ஆராய்ந்தது. எண்ணம் பங்காக இருந்தது சரி. பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டு மாப்பிள்ளைக்கு விலை கொடுக்கும் அளவுக்கு அது திரிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

◆ வழக்கம் எழுத்தில் ஏறினால் சட்டம். யாழ்ப்பாணத்தின் தேசவழமை அதற்கு அருமையான உதாரணம். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்து வாய்மொழியாக நடந்துவந்ததை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்தார். 1707இல் அது சட்டமாயிற்று. முந்நூறு ஆண்டு கடந்தும் அது கொழும்பு வரை பின்தொடர்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள வீட்டையோ காணியையோ விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பெற்றோர் அவளுக்கென்றே எழுதிக் கொடுத்த வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கும் இது பொருந்தும். கண்டியச் சட்டம், முஸ்லிம் திருமணச் சட்டம், பொதுச் சட்டம் என்று ஒரே தொடர்மாடியின் வெவ்வேறு கதவுகளுக்குப் பின்னால் வெவ்வேறு சட்டங்கள் நடக்கும் இந்த நிலைக்குச் சட்டப் பன்மை என்று பெயர். பன்மை அழகானதுதான். கணவனின் கையெழுத்தைக் கேட்கும் விதி மட்டும் எப்போதோ நீங்கியிருக்க வேண்டும்.

◆ மேலே சொன்ன தம்பையா ஏன் தாய்லாந்தின் பௌத்தத்தை ஆராய்ந்து பெயர்பெற்றார்? 1956 ஜூனில் அவர் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் மாணவர்களோடு களஆய்வில் இருந்தார். தனிச்சிங்களச் சட்டத்தை ஒட்டி அங்கே கலவரம் வெடித்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவருடைய ஆய்வுக் களம் நாட்டுக்கு வெளியே நகர்ந்தது. பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரானார். 1983க்குப் பிறகு மறுபடி இலங்கையைப் பற்றியே எழுதினார். கும்பல் எப்படி உருவாகிறது, வதந்தி எப்படி ஓடுகிறது என்று தெற்காசியா முழுவதையும் ஒப்பிட்டு 1996இல் வெளியிட்ட நூல் இன்றும் பாடநூல். 2014இல் காலமானார். அவருடைய நூல்கள் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது பல காலத்து ஆசை.

◆ உலகெங்கும் பௌத்தர்கள் ஏற்றும் பலவண்ணக் கொடி எங்கே முதன்முதல் பறந்தது? கொட்டாஞ்சேனையில்! 1883 உயிர்த்த ஞாயிறன்று அந்த வட்டாரத்தில் பௌத்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டு, கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே கலவரம் மூண்டது. நீதி கிடைக்காத மனக்குறையோடு பௌத்தர்களின் சார்பில் கேணல் ஒல்கொட் 1884இல் லண்டன் வரை போனார். அடுத்த ஆண்டு வெசாக் பொது விடுமுறையாயிற்று. புதிதாக வரைந்த கொடியை 1885 ஏப்ரல் 28ஆம் திகதி, வெசாக் நாளில், கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் ஏற்றினார். தொன்மையானது என்று நாம் எண்ணும் பல சின்னங்களும் சடங்குகளும் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டவை; இதைப் 'புனையப்பட்ட மரபு' என்று எரிக் ஹொப்ஸ்போம் 1983இல் பெயரிட்டு விளக்கினார். வயது குறைந்தது என்பதால் ஒரு கொடியின் மதிப்பு குறைவதில்லை. எந்தக் காயத்திலிருந்து அது பிறந்தது என்று தெரிந்துகொள்வது மரியாதைதான்.

◆ அதே வட்டாரத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் இன்னொரு காட்சி. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களில் திருநீறு பூசிய நெற்றிகள் உண்டு, வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பௌத்தப் பெண்கள் உண்டு. வேண்டுதல் நிறைவேறினால் மதம் கேட்பாரில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பலர் அங்கே ஒரு கும்பிடு, இங்கே ஒரு மெழுகுவர்த்தி என்று வைத்துக்கொள்கிறார்கள். கூட்டமாகச் சேர்ந்து வழிபடும்போது மனிதருக்குள் எழும் பொங்குதலே சமூகத்தைக் கட்டி வைக்கிறது என்று 1912இல் எழுதினார் எமில் டுர்கைம். அவர் ஒரு சமூகம், ஒரு வழிபாடு என்றே யோசித்தார். கொச்சிக்கடையில் பல சமூகங்கள் ஒரு வாசலில் நிற்கின்றன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி அந்தக் கோயிலில் குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் கோயில் மறுபடி திறந்தது. இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் எல்லோரும் வருகிறார்கள்.

◆ கண்ணகியைச் சிங்களவர் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். அந்த வழிபாட்டை முழுமையாக ஆராய்ந்து 1984இல் பெருநூல் எழுதியவர் இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. இன்னொரு விஷயத்தில் அவர் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். கப்டன் குக்கை ஹவாய் மக்கள் கடவுளாக எண்ணினார்கள் என்று மேலைநாட்டு அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். வெள்ளைக்காரனைக் கடவுளாக்கியது ஹவாய் மக்களா, ஐரோப்பியரின் கற்பனையா என்று 1992இல் ஒபேசேகர கேட்டார். மார்ஷல் சாலின்ஸ் 1995இல் ஒரு புத்தகமே எழுதிப் பதில் சொன்னார். காலனியாட்சியில் வளர்ந்த ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி அத்தனை கூர்மையாக எழும். ஒபேசேகர 2025இல் மறைந்தார்.

◆ கொழும்புச் செட்டிகளும் பரதர்களும் குடிசன மதிப்பீட்டில் தமிழரோடு சேராமல் தனி இனங்களாக எண்ணப்படுகிறார்கள். கொழும்புச் செட்டி மரபில் வந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கைக்கு ஓர் அகராதி போன்ற தகவல் நூலும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறும் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழரின் சாதி, வழக்கங்கள் பற்றியும் எழுதி வைத்தார். டைலரின் வரைவிலக்கணம் வருமுன்பே நம்மவர் ஒருவர் கலாசாரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று கணக்கெடுப்பு பிரித்தது 1911இல்தான். அதிகாரி போட்ட ஒரு கோடு பின்னர் வாழ்வையே பிரித்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது அந்தக் கோடு எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தது.

◆ பட்டியல் உயிரையும் எடுக்கும். 1983 ஜூலையில் வெள்ளவத்தைக்கு வந்த கும்பல்கள் கையில் வாக்காளர் இடாப்பு வைத்திருந்தன. தமிழ்ப் பெயர் இருந்த வீட்டைத் தேடிப் பார்த்து எரித்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்காகவும், வைத்தியத்துக்காகவும், வேலை தேடியும் வந்தவர்கள் அவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சிறுபான்மை என்பது தலை எண்ணும் கணக்கு மட்டுமில்லை என்று 1945இல் லூயிஸ் வேர்த் சொன்னது இதைத்தான்: எந்தக் கூட்டத்தைத் தனியே பிரித்து வேறு விதமாக நடத்துகிறார்களோ, அதுவே சிறுபான்மை. 2001 கணக்கெடுப்பில் கொழும்பு நகரத்தில் சிங்களவர் 41 சதவீதம், இலங்கைத் தமிழர் 29, சோனகர் 24. நகரத்துக்குள் யாரும் பாதியைத் தாண்டவில்லை. இருந்தும் நள்ளிரவில் கதவு தட்டப்படுமோ என்று பயந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

◆ வெள்ளவத்தையை 'சின்ன யாழ்ப்பாணம்' என்பார்கள். அதற்கு முன்பு அது ஆலைத் தொழிலாளரின் இடம். 1933இல் வெள்ளவத்தை நூல் ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளரில் பெரும்பாலோர் இந்தியர், குறிப்பாக மலையாளிகள். அவர்கள் பக்கம் நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் போனார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சு அவர் அணியில் உரத்தது. வர்க்கமா, இனமா என்று சமூகவியல் கேட்கும் கேள்விக்கு ஒரே ஆலை வாசலில் இரண்டு பதில்கள் நின்றன. எந்தப் பதில் பின்னாட்களில் வென்றது என்று வரலாறு காட்டியது. குமாரி ஜயவர்தன 1972இல் எழுதிய தொழிலாளர் இயக்க வரலாற்றைத் தேடிப் படியுங்கள்.

◆ ஒரு மாடியில் பத்துப் பெண்கள் மாதம் ஆளுக்கு 10,000 ரூபா போட்டால், மாதம் ஒருவருக்கு ஒரு லட்சம். வங்கி கேட்கும் பிணை ஏதும் வேண்டாம்; சீட்டு நடத்தும் அக்காவுக்கு உங்களைத் தெரிந்திருந்தால் போதும். குலுக்கலில் முதல் மாதம் எடுத்தவர் கடைசி மாதம் வரை ஒழுங்காகக் கட்டுவதற்கு ஒரே காரணம், மறுநாளும் அதே படிக்கட்டில் இறங்க வேண்டும் என்பதுதான். சிங்களவர் வீட்டிலும் இதன் பெயர் சீட்டுத்தான். 1962இல் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் இதை உலகெங்கும் ஒப்பிட்டு எழுதினார். ஜப்பானிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் இதே ஏற்பாடு உண்டு. நம்பிக்கையையும் உறவையும் சமூக மூலதனம் என்று பிற்பாடு அழைத்தார்கள்.

◆ 1930இல் கொழும்பில் தொடங்கிய 'வீரகேசரி'யைக் கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையிலும், அட்டன் தோட்டத்திலும், பருத்தித்துறைத் திண்ணையிலும் ஒரே நாளில் விரித்தார்கள். ஒருவரை ஒருவர் ஒருபோதும் காணாதவர்கள், ஒரே செய்தியைப் படித்து ஒரே சமூகம் என்று உணர்வதைத்தான் 1983இல் பெனடிக்ட் அன்டர்சன் 'கற்பிதம் செய்யப்பட்ட சமூகம்' என்றார். வானொலியின் மரண அறிவித்தல்களும் அந்த வேலையைச் செய்தன. யாரென்றே தெரியாதவரின் சாவுக்கும் வீடு ஒரு நிமிடம் அமைதியாகிக் கேட்கும்.

◆ தொழில்நுட்பம் முன்னே ஓடும், வழக்கம் பின்னே நொண்டும். இதைக் கலாசாரப் பின்னடைவு என்று 1922இல் பெயரிட்டார் வில்லியம் ஒக்பேர்ன். தொடர்மாடியில் ஒரு சாவு விழட்டும், புரிந்துவிடும். முற்றம் இல்லை, பந்தல் போட இடமில்லை, பிரேதப் பெட்டி லிஃப்டுக்குள் கொள்ளாது. ஆகவே உடல் மலர்ச்சாலையில், கிரியை அங்கேயே ஒரு மண்டபத்தில், தகனம் கனத்தையில். பறை ஒலிக்க வேண்டிய நேரத்தில் வாகனத் தரிப்பிடம் தேடுகிறார்கள். வழக்கம் அழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. இடத்துக்கு ஏற்றபடி தன்னை மடித்துக்கொண்டிருக்கிறது.

மரணச் சடங்குகளைப் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்று மூன்று கட்டமாகப் பார்க்கலாம் என்றவர் வான் ஜெனெப், 1909இல். நம் வீடுகளில் இடைநிலை 31 நாள். அந்தியேட்டியோடு வீடு மறுபடி ஊரோடு சேர்கிறது. அன்றைக்கு வந்தவர் கையில் 'கல்வெட்டு' என்ற சிறு புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவது யாழ்ப்பாணத்தாரின் தனி வழக்கம். முகப்பில் இறந்தவரின் படம்; உள்ளே தேவார திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு, நாலு தலைமுறை வம்சாவளி. எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத அளவுக்கு ஊர்களின் குடும்ப வரலாறு, தொழில், இடப்பெயர்வு எல்லாம் அந்த மெல்லிய பக்கங்களில் பதிவாகியிருக்கிறது. மலாயாவில் புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்த பாட்டனார் எந்த வருடம் திரும்பினார் என்பதை வேறெங்கு தேடுவது?

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் திட்டம் இவற்றையும் வருடி இணையத்தில் ஏற்றி வைக்கிறது. வீடு மாறும்போது பழைய தாளோடு தாளாகக் கட்டி எடைக்குப் போடுவது இவற்றைத்தான். உங்கள் அலுமாரியில் ஒன்றிரண்டு இருந்தால் எறிந்துவிடாமல், வருடி எடுக்க ஒரு நாள் கொடுத்து வாங்குங்கள்.